அறத்தை எண்ணிய எந்திரம்: அல்டிமா ஆட்டங்களில் அவதாரும் அரக்கரும்

1

கம்ப்யூட்டர் ஆட்டத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் என்ன பேச்சு என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பசங்க விசயம், பன்னாட்டு மூலதனத்தின் சரக்கு, நேரத்தைத் தின்னும் பூதம். எல்லாம் சரிதான். சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். நாம் சொல்லிக்கொண்டிருந்தபோதே அது நம் அரசியலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆகவே ஒரு பண்டம் என்ன செய்கிறது என்று கிட்டே போய்ப் பார்ப்பதில் நட்டமொன்றும் இல்லை.

இங்கே எடுத்துக்கொள்வது 'அல்டிமா' என்ற அமெரிக்க ஆட்ட வரிசையின் நான்கு பாகங்களை: 1985இல் வந்த நான்காவது, 1988இல் வந்த ஐந்தாவது, 1990இல் வந்த ஆறாவது, 1992இல் வந்த ஏழாவது. வாளும் மந்திரமும் அரக்கர்களும் நிறைந்த மாயக் கதையுலகில் ஆட்டக்காரர் ஒரு பாத்திரமாக நுழைந்து, திரிந்து, பேசி, சண்டையிட்டு, வாரக்கணக்கில் ஆடி முடிக்கும் வகை இது. நான்காம் பாகத்தில் ஆட்டக்காரர் அடைய வேண்டிய நிலைக்கு வைத்த பெயர் 'அவதார்'. நம்மூர்ச் சொல். அந்தச் சொல் அங்கே எப்படிப் போனது, போன இடத்தில் என்ன வேலை செய்தது, யாருடைய தலையில் போய் இறங்கியது என்பதே நமது விசாரணை. ஓர் ஒழுக்கம் முதலில் எண்ணிக்கையாகவும், பிறகு சட்டமாகவும், கடைசியில் ஓர் இனத்தின் அழிவாகவும் மாறும் பாதையை இந்த நான்கு ஆட்டங்களும் தம்மையறியாமலோ அறிந்தோ வரைந்து காட்டுகின்றன. இயக்கங்களில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதை ஒன்றும் அந்நியமானதல்ல.

2

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளியானது. காகிதம், பென்சில், பல முகங்கள் கொண்ட பகடைகள். நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து வாயாலேயே கதையை நடத்தும் ஆட்டம். அடுத்த ஆண்டே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் 'பிளேட்டோ' கணினி வலையில் மாணவர்கள் அதைத் திரைக்குக் கொண்டுபோனார்கள். பாடம் கற்பிக்க வைத்த எந்திரத்தில் பாதாளக் குகை புகுந்தது.

ரிச்சர்ட் காரியட் 1961இல் பிறந்தவர். அப்பா ஓவன் காரியட் 1973இல் ஸ்கைலேப் விண்நிலையத்தில் தங்கிய விண்வெளி வீரர். டெக்சாஸில் பள்ளிக்கூடத்து டெலிடைப் கருவியில் இந்த வகை ஆட்டங்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிப் பழகிய பையன், 1981இல் முதல் அல்டிமாவை வெளியிட்டார். இரண்டாவது 1982, மூன்றாவது 1983. இந்த மூன்றிலும் ஒழுக்கம் என்ற பேச்சே கிடையாது. கெட்டவனைக் கொல்ல வேண்டும். அதற்குள் கடையில் திருடலாம், வழியில் நிற்கிறவனை வெட்டலாம், பெட்டியை உடைக்கலாம். கேட்பாரில்லை.

மூன்றாவது ஆட்டத்தை வெளியிட அண்ணனோடு சேர்ந்து 'ஆரிஜின்' என்ற சொந்தக் கம்பெனி தொடங்கியதால் ஆடியவர்களின் கடிதங்கள் முதன்முறையாக நேரே காரியட்டின் கைக்கு வந்தன. சனங்கள் ஆட்டத்துக்குள் செய்த அட்டூழியமெல்லாம் அதில் இருந்தது. கூடவே பெற்றோர்களின் கோபக் கடிதங்கள்: அட்டைப்படத்தில் பேயைப் போட்டிருக்கிறாய், பிள்ளைகளைச் சாத்தானிடம் அனுப்புகிறாய். 80களின் அமெரிக்காவில் மேற்படி மேசை ஆட்டத்தின்மேல் கிறித்தவ அடிப்படைவாதிகள் நடத்திய சாத்தான் வேட்டை நினைவிருக்கலாம். ஜெர்ரி ஃபால்வெல் 1979இல் தொடங்கிய 'அறப் பெரும்பான்மை' இயக்கம் ரீகனின் வெற்றிக்குப் பின்னால் நின்ற காலம். 'நாங்கள் நல்லவர்கள்' என்று நிரூபித்தாக வேண்டிய நெருக்கடி ஒருபுறம், ஆடுகிறவன் உள்ளே வந்தால் ரவுடியாகிவிடுகிறானே என்ற நிசமான கவலை மறுபுறம். நான்காம் அல்டிமா இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்தது.

3

இந்து மதம் பற்றிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவதாரம் என்ற கருத்தையும், அதற்குத் தேர்ச்சி பெற வேண்டிய பதினாறு பண்புகள் பற்றிய பேச்சையும் காரியட் கேட்டார். பதினாறு எட்டானது. உண்மை, அன்பு, துணிவு என மூன்று மூலங்கள். அவற்றின் சேர்க்கையில் நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என எட்டு அறங்கள். மூன்று மூலங்களுக்கும் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்துக்கும் உறவு உண்டென்று அவரே சொல்லியிருக்கிறார். ஆட்டத்தில் ஒவ்வோர் அறத்துக்கும் ஒரு கோயில், ஒரு மந்திரம். ஆன்மிகத்தின் மந்திரம் 'ஓம்' என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சொல் தலைகீழாகிவிட்டது. அவதாரம் என்றால் இறங்குதல். மேலே இருப்பவன் கீழே வருகிறான், வேலை முடிந்ததும் போய்விடுகிறான். நம் புராண மரபில் எந்த மனிதனும் உழைத்துப் படித்து அவதாரமாவதில்லை. அல்டிமாவின் அவதாரோ ஏறுகிறவன். சாதாரண ஆள் ஒருவன் பயிற்சியால் படிப்படியாக மேலே போகிறான். சொல் இந்தியாவிலிருந்து வந்திருக்கலாம், கணக்குநோட்டு அமெரிக்காவுடையது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன்வரலாற்றில் பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டு, சிறு நோட்டில் கட்டம் போட்டு, தவறிய நாளுக்குக் கரும்புள்ளி வைத்த கதை பிரபலம். பதின்மூன்றாவதாகப் பணிவைச் சேர்த்ததே, உனக்குத் திமிர் அதிகம் என்று குவேக்கர் நண்பர் ஒருவர் சொன்னதால்தான். இதே ஃபிராங்க்ளினைத்தான் மாக்ஸ் வெபர் முதலாளியத்தின் ஆவிக்கு மாதிரியாக எடுத்துக்காட்டினார். நற்பண்பை வரவு செலவாக எழுதும் இந்தப் பழக்கம் ஆப்பிள் டூ கணினிக்குள் நுழைந்ததுதான் நான்காம் அல்டிமா. நோட்டு எழுதும் வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டது.

4

ஆடுவது எப்படியிருக்கும்? (இப்போது இந்த நான்காம் பாகம் காசில்லாமல் சட்டப்படியே கிடைக்கிறது. பழைய ஆட்டம், படங்கள் கட்டங்கட்டமாக இருக்கும், பொறுமை வேண்டும்.)

தொடக்கத்தில் குறி சொல்லும் பெண்ணொருத்தியின் வண்டிக்குள் நுழைகிறோம். இரண்டு இரண்டு சீட்டாக வைத்துக் கேள்வி கேட்கிறாள். நண்பனைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதா, உண்மை பேசுவதா என்கிற மாதிரி. சரியான பதில் என்று ஒன்று கிடையாது. இரண்டு அறங்களில் ஒன்றைத் தள்ளியாக வேண்டும். ஏழு கேள்வி முடிந்ததும் எட்டில் ஒன்று மிஞ்சும். எது மிஞ்சுகிறதோ அதுவே உன் தொழில், உன் ஊர். நேர்மை என்றால் மந்திரவாதி, வீரம் என்றால் போர்வீரன், நீதி என்றால் துரூயிடு, பணிவு என்றால் ஆட்டிடையன். இடையனுக்கு மந்திரமும் கிடையாது, உருப்படியான ஆயுதமும் கிடையாது. எட்டுப் பேரில் சவலைப்பிள்ளை. அவன் ஊர் மஜின்சியா, செருக்கினால் அழிந்து ஆவிகள் உலவும் இடிபாடு.

குணத்தைப் பார்த்துத் தொழில் கொடுப்பது என்றதும் நமக்குக் காது விடைக்கிறது. பிறப்பால் அல்ல, குணத்தால்தான் வருணம் என்று வாதாடிய சீர்திருத்தக்காரர்களுக்கு 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் கொடுத்த அடி நினைவுக்கு வரும். குணத்தால் என்றால் நான்கு பழைய பெயர்கள் எதற்கு என்று கேட்டார் அவர். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அல்டிமாவில் இடையனும் அவதாராகலாம், எட்டு அறமும் எல்லோருக்கும் பொது. தொடங்குமிடம்தான் வேறு. தொடங்குமிடம் வேறானாலே என்னவாகும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

பிறகு ஊர் ஊராக அலைச்சல். யாரிடமும் பேர் கேட்கலாம், தொழில் கேட்கலாம். அவர் பேச்சில் வரும் ஒரு சொல்லைப் பிடித்துத் திரும்பத் தட்டினால் அடுத்த விசயம் வரும். செய்ய வேண்டியது என்னவென்று ஆட்டம் பட்டியல் தராது. ஆடுகிறவர்தான் காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்: எந்த ஊரில் எந்த மந்திரம், எந்த நிலவுப் பிறையில் எந்த வாசல் திறக்கும், எந்த மருந்துப்பொருளை எதனோடு கலப்பது. அந்தக் காலத்தில் ஆடியவர்கள் நோட்டு நோட்டாக எழுதினார்கள்.

இதற்கிடையில் எந்திரம் எண்ணிக்கொண்டிருக்கிறது. மருந்துப்பொருள் விற்பவள் பார்வையற்றவள். நீங்களே காசை எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், சரக்கும் கிடைக்கும். உள்ளே நேர்மைக் கணக்கு இறங்கிவிடும். பிச்சைக்காரருக்குக் கொடுத்தால் இரக்கம் ஏறும். மருத்துவரிடம் ரத்தம் கொடுத்தால் தியாகம். சண்டையில் ஓடினால் வீரம் போச்சு. தீங்கற்ற விலங்கைத் துரத்திக் கொன்றால் நீதி போச்சு. நீதான் பெரிய ஆளோ என்று ஒருவர் கேட்கும்போது ஆமாம் என்று பீற்றினால் பணிவு போச்சு. இந்த எண்கள் எதுவும் திரையில் வராது. அரண்மனையில் ஹாக்விண்ட் என்ற ஞானி இருக்கிறார். போய்க் கேட்டால் நீ நல்லா வர்றே, இதுல மட்டும் கொஞ்சம் மோசம் என்கிற தோரணையில் சாடையாகச் சொல்வார். அவ்வளவே.

எப்போது பார்க்கப்படுகிறோம் என்று தெரியாததால் எப்போதும் பார்க்கப்படுவதாகவே நடந்துகொள்ளும் உடலை ஃபூக்கோ 1975இல் சிறைச்சாலை வரலாற்றில் எழுதிக் காட்டினார். அல்டிமா அந்தக் கோபுரத்தைப் பொழுதுபோக்காக விற்றது. அதேசமயம் ஆட்டக்காரன் சும்மா இருப்பானா? பிச்சைக்காரனுக்குக் கொடுப்பது ஒரு பொற்காசானாலும் நூறானாலும் கணக்கில் பெரிய வித்தியாசமில்லை என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறான். ஒவ்வொரு காசாக, பல தடவை கொடுப்பவனே எந்திரத்தின் பார்வையில் கருணைக்கடல். கொடுப்பவனுக்கு ஏறும் எண் உண்டு. வாங்குகிறவன் அடுத்த நாளும் அதே மூலையில் பிச்சைக்காரனாகவே நிற்கிறான். அவன் நிலை மாறினால் இரக்கத்தை எங்கே போய்ச் சம்பாதிப்பது? தருமத்துக்கு ஏழை தேவைப்படும் ரகசியத்தை இவ்வளவு அப்பட்டமாக எந்த மத நூலும் காட்டியதில்லை.

கணக்கு 99 வரை ஏறும். நிறைந்ததும் உரிய கோயிலில் மந்திரம் சொல்லித் தியானித்தால் அந்த அறம் கைகூடும். அப்போது நிரலுக்குள் அந்த எண் பூச்சியமாகிறது. பூச்சியம் என்றால் இங்கே முழுமை. இனி கூட்ட எதுவுமில்லை. நிரல் எழுதும் வசதிக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் எண்ணி எண்ணிச் சேர்த்ததை முடிவில் எண்ணால் குறிக்க வழியில்லாமல் போனதை அந்தப் பூச்சியம் காட்டிக்கொடுக்கிறது.

எட்டும் நிறைந்தபின், தோழர்களைச் சேர்த்துக்கொண்டு பாதாளத்தின் அடியில் இருக்கும் 'கோடெக்ஸ்' என்ற ஞானநூலிடம் போக வேண்டும். கடைசியில் கொல்ல ஒருவனும் இல்லை, கேள்விகள்தான். அன்றைய ஆட்டங்களில் இது பெரிய துணிச்சல். காரியட்டுக்கு அந்தப் பெருமை உரியது.

ஆனால் அந்த நூல்வரை போகும் வழியெல்லாம் பிணம். தீயவை என்று நிரல் முன்கூட்டியே குறித்துவைத்த உயிர்களை எத்தனை வெட்டினாலும் நீதி குறையாது, வீரம்தான் கூடும். யார் தீயவை? அந்தப் பட்டியலை எழுதியது யார்? நான்காம் ஆட்டம் இதைக் கேட்கவில்லை.

5

ஐந்தாம் ஆட்டத்தில் மன்னர் பாதாளத்தில் தொலைந்துபோகிறார். பிளாக்தார்ன் என்ற பிரபு ஆட்சிக்கு வருகிறான். அவன் அறத்தை எதிர்ப்பவனல்ல. அறத்தில் அவனுக்கு அளவுகடந்த பற்று, எட்டையும் சட்டமாக்கிவிடுகிறான். பொய் சொன்னால் நாக்கு போகும். வருமானத்தில் பாதியைத் தருமம் செய்யாவிட்டால் வருமானமே இருக்காது. பணிவு என்ன ஆகிறது தெரியுமா? மேலானவர்களுக்கு அடங்கு, இல்லாவிட்டால் அவர்கள் சினத்துக்கு ஆளாவாய் என்றாகிறது. போன ஆட்டத்தின் அதே பட்டியல்தான், கூடவே தண்டனை.

இப்போது அவதார் தலைமறைவு. எதிர்ப்பியக்கத்துக்கு ஒரு சங்கேதச் சொல், ஒடுக்குவோருக்கு வேறொரு சங்கேதச் சொல். ஆள் தெரியாமல் மாற்றிச் சொன்னால் தொலைந்தோம். அறத்தின் பெயரால் நடக்கும் ஆட்சியை அறத்தின் நாயகனே எதிர்க்க வேண்டிய இக்கட்டு. ஃபால்வெல்களின் அமெரிக்காவைப் பார்த்து எழுதியது என்று இதை வாசிக்க இடமிருக்கிறது. நாம் நமக்கு நெருக்கமாகவும் வாசிக்கலாம். தோழர்களின் ஒழுக்கத்தை அளந்து, அளவை விதியாக்கி, விதியை மீறியவனைத் துரோகி என்று வெளியேற்றிய கமிட்டிகளைப் பார்க்காதவர் நம்மில் யார்?

ஆயினும் ஐந்தாம் ஆட்டம் பாதிவழியில் நின்றுவிடுகிறது. பிளாக்தார்ன் இப்படி ஆனதற்கு நிழற்பிரபுக்கள் என்ற மூன்று தீய சக்திகளின் தூண்டுதல் காரணமாகிறது. அவற்றை ஒழித்து மன்னரை மீட்டால் எல்லாம் சரியாகிவிடும். சட்டத்தின் விதை அந்தக் கணக்கிலேயே இருந்தது என்ற உண்மையைப் பேய் தலையில் கட்டிவிட்டு ஆட்டம் தப்பித்துக்கொள்கிறது.

6

ஆறாம் ஆட்டத்தின் துணைத்தலைப்பு 'பொய்த் தீர்க்கதரிசி'. தொடக்கத்திலேயே அவதாரைப் பலிபீடத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். கட்டியவர்கள் கார்காயில்கள். கொம்பு, சிவந்த தோல், சிலருக்கு இறக்கை; முந்தைய பாகங்களில் நாம் வெட்டிச் சாய்த்த பேய்களின் அதே சாயல். தோழர்கள் வந்து மீட்கிறார்கள். அறக் கோயில்களைக் கார்காயில்கள் பிடித்துவைத்திருக்கிறார்கள், போய் விடுவி என்கிறார் மன்னர். ஆட்டக்காரனும் வழக்கம்போல வாளை எடுக்கிறான்.

ஆனால் கார்காயில் பூசாரியின் கையில் ஒரு புத்தகம் இருந்தது. அதை வாசிக்க மொழி தெரியாது. உடைந்த வெள்ளித் தகடுகளைத் தேடிச் சேர்த்து மொழிபெயர்க்க வைத்தால் கதை தெரிகிறது. நான்காம் ஆட்டத்தில் நாம் ஞானத்தின் உச்சமென்று போய் அடைந்தோமே, அந்தக் கோடெக்ஸ் அவர்களுடைய புனிதநூல். அது அங்கிருந்து அகன்றதிலிருந்து அவர்களுடைய உலகம் இடிந்து சரிந்துகொண்டிருக்கிறது. அவர்களுடைய தீர்க்கதரிசனத்தில் பேரழிவைக் கொண்டுவரும் பொய்த் தீர்க்கதரிசி ஒருவன் உண்டு. அது நாம்தான். அவர்களுக்கும் அறம் இருக்கிறது: கட்டுப்பாடு, வேட்கை, விடாமுயற்சி என மூன்று மூலங்கள், அவற்றிலிருந்து எட்டு. நாம் பெருமையோடு எண்ணிச் சேர்த்த வீரத்தின் ஒவ்வொரு புள்ளியும் எங்கேயோ ஒரு சாவு.

இந்த இடத்தில் ஜோதிராவ் பூலேயை நினைக்காமல் இருக்க முடியாது. 1873இல் 'குலாம்கிரி' நூலில் அவர் செய்ததும் இதைத்தான். மச்சத்திலிருந்து பரசுராமன் வரை அவதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இவை தெய்வம் இறங்கிவந்த கதைகளல்ல, வந்தேறிகள் இம்மண்ணின் சனங்களை வென்ற வரலாறு என்று எதிர்நிலையிலிருந்து வாசித்தார். வாமனனின் காலடியில் அமுங்கிய பலியை நீதியுள்ள அரசனாக நிறுத்தினார். அரக்கன் என்று எழுதப்பட்டவனின் பக்கம் போய் நின்று பார்த்தால் அவதாரம் படையெடுப்பாகத் தெரியும். அந்த நூலைப் பூலே சமர்ப்பணம் செய்தது அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு. ஒரு நூற்றாண்டு கழித்து அமெரிக்கப் பையன் ஒருவன் அவதாரம் என்ற சொல்லைத் தொலைக்காட்சியிலிருந்து எடுத்துக்கொண்டபோது பூலேயின் வாசிப்பு அதோடு சேர்ந்து போகவில்லை. வரிசையின் மூன்றாவது சுற்றில் ஆட்டமே தன் போக்கில் அங்கே வந்து முட்டியது. பட்டியலை எழுதியது யார் என்ற கேள்வியைத் தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது என்பதற்கு இது சாட்சி.

முடிவும் கவனிக்கத்தக்கது. அவதார் கார்காயில் மொழியைக் கற்க வேண்டும். அவர்களுடைய அரசன் டிராக்சினுசோமிடம் சரணடைந்து அடிபணிதலின் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். நான்காம் ஆட்டத்தில் பணிவு என்பது பீற்றாமல் இருப்பது; இங்கே தோற்கடித்தவன் தோற்றவன் முன் தலை குனிவது. கடைசியில் கோடெக்ஸை யாருக்கும் சொந்தமில்லாத வெளிக்கு அனுப்பிவிட்டு இரண்டு கண்ணாடி வில்லைகள் வைக்கப்படுகின்றன. ஒன்று குவிந்தது, மற்றது குழிந்தது. மனிதர் ஒரு பக்கமிருந்தும் கார்காயில் மறுபக்கமிருந்தும் வாசிக்கலாம். ஒரே பிரதி, இரண்டு வாசிப்புகள், இருவருக்கும் சம உரிமை. பன்முக வாசிப்பு பற்றி நாம் கட்டுரை கட்டுரையாக எழுதியதை அவர்கள் ஒரு படத்தில் காட்டிவிட்டார்கள்.

7

இங்கேயே முடித்துவிட்டால் நமக்கு இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் 1992இல் ஏழாம் ஆட்டம் வந்தது. அதே ஆண்டு ஆரிஜின் கம்பெனியை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. 1999இல் ஒன்பதாம் பாகத்தோடு வரிசை முடிந்தது, 2004இல் ஆரிஜினும் மூடப்பட்டது. அது வழக்கமான மூலதனக் கதை, விட்டுவிடுவோம். ஏழாம் ஆட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

கதைக்குள் இருநூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. கார்காயில்கள் இப்போது எதிரிகளல்ல, குடிமக்கள். எங்கே இருக்கிறார்கள்? பெரும்பாலோர் டெர்ஃபின் என்ற ஒதுக்குப்புறத் தீவில். வெஸ்பர் ஊரில் மனிதர் ஒருபக்கம், கார்காயில்கள் தனியே மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் வெறுப்பு. ஊரும் சேரியும்! இதை அமெரிக்கர் ஒருவர் எழுத நம் கிராமத்தைப் பார்த்திருக்கத் தேவையில்லை, அவர் நாட்டு நகரங்களே போதும். கார்காயில்களுக்குள்ளும் இறக்கை உள்ளவர் யோசிக்கிறவர், இறக்கையில்லாதவர் உழைக்கிறவர் என்ற பிரிவினை தொடர்கிறது. மற்றமையைக் கொண்டாடப் போகிறவர்கள் மற்றமைக்குள் இருக்கும் இந்த ஏணியையும் பார்த்துவிட்டுக் கொண்டாடுவது நல்லது.

இரண்டு வில்லைகளும் பத்திரமாகத்தான் இருக்கின்றன. நூலை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். சரிந்துபோன நிலத்தை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை. வாசிப்பில் சமத்துவம் வந்தபின்னும் குடியிருப்பில் வரவில்லை. அரக்கரின் பக்கமிருந்து புராணத்தை மறுவாசிப்புச் செய்வது அவசியம். அதைச் செய்யாமல் அடுத்த அடி வைக்க முடியாது என்பதைப் பூலேயும் சொல்கிறார், ஆறாம் அல்டிமாவும் சொல்கிறது. மறுவாசிப்போடு வேலை முடிந்தது என்று நினைத்தால் இருநூறு ஆண்டு கழித்தும் டெர்ஃபின்தான் கிடைக்கும் என்கிறது ஏழாவது.

இன்று அவதார் என்றால் இணையத்தில் நம் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டும் சிறு படம். 1986இல் லூகாஸ்ஃபிலிமின் 'ஹேபிடட்' திரையில் நடமாடும் உருவத்துக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது, 1992இல் நீல் ஸ்டீபன்சனின் 'ஸ்னோ கிராஷ்' நாவல் பரப்பியது. இறங்கி வருதல் என்ற பொருளும் போயிற்று, ஏறுதல் என்ற பொருளும் போயிற்று. நம் நடத்தைக்குப் புள்ளி போடும் எந்திரங்கள் மட்டும் பெருகிவிட்டன. கடனுக்கு ஒரு மதிப்பெண், சாப்பாடு கொண்டுவரும் பையனுக்கு நட்சத்திரம், வண்டி ஓட்டுகிறவருக்கு நட்சத்திரம். அவர்களுக்கும் ஹாக்விண்ட் மாதிரி யாரோ சாடையாகத்தான் பேசுகிறார்கள். பட்டியலை எழுதியவர் யாரென்று தெரியாது. வேலை நிறுத்தம் செய்யும் ஓட்டுநர் அந்தப் பட்டியலைக் காட்டு என்று கேட்கிறபோது கேட்பது கூலி மட்டுமல்ல. எது நல்ல நடத்தை என்று முடிவுசெய்யும் இடத்தில் தனக்கும் ஓர் இருக்கை கேட்கிறார். நம் வாசிப்புகள் அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.